வலை சர்வரின் லாக் கோப்பில் புழுவின் தடம்: அறிகுறி வாரியாகக் கண்டறியும் வழிமுறை

புதிதாக ஒரு சர்வரை இணையத்தில் ஏற்றி, அதன் பெயரை இன்னும் யாரிடமும் சொல்லாத நிலையிலேயே, அதன் லாக் கோப்பில் (வந்த கோரிக்கைகளைச் சர்வர் குறித்துவைக்கும் பதிவேடு) முன்பின் தெரியாத ஐபி முகவரிகளிலிருந்து விசித்திரமான வரிகள் வந்து விழத் தொடங்கும். அவற்றில் பெரும்பாலானவை மனிதர் யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை அல்ல. தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் நிரலான புழு ஏற்கெனவே தொற்றிய ஏதோ ஒரு கணினியோ ரூட்டரோ, தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறது; உங்கள் கதவும் அந்த வரிசையில் வந்துவிட்டது. இப்படித் தட்டப்பட்டதற்கும் கதவு திறந்துகொண்டதற்கும் உள்ள வேறுபாட்டை லாக் கோப்பிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதே இங்கு விளக்கப்படுகிறது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய இரண்டு வலை சர்வர் நிரல்களுக்கும் இது பொருந்தும். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். லாக் கோப்பில் தேடும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தேட வேண்டும்.

வழக்கமான லாக் வரி ஒன்றில் ஐபி முகவரி, நேரம், கோரிக்கை, நிலை எண் (200 என்றால் வெற்றி, 400 என்றால் தவறான கோரிக்கை, 404 என்றால் அப்படி ஒன்று இல்லை, 500 என்றால் சர்வரில் பிழை), அனுப்பப்பட்ட பைட்டுகள், எங்கிருந்து வந்தார் என்ற ரெஃபரர், கேட்ட நிரலின் பெயரான யூசர் ஏஜென்ட் ஆகியவை இதே வரிசையில் இருக்கும். கோரிக்கைப் பகுதி எவ்வளவு பயங்கரமாகத் தோன்றினாலும் அது வெளியே நிற்பவர் சொன்ன சொல் மட்டுமே. உங்கள் சர்வர் அதற்கு என்ன மறுமொழி கொடுத்தது என்பது நிலை எண்ணிலும் பைட் எண்ணிக்கையிலும்தான் இருக்கிறது. ஆகவே சந்தேகத்துக்குரிய வரி ஒன்றைப் பார்த்தால், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கும் பழக்கம் நல்லது. இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புழுவா, ஸ்கேனரா என்று முதலில் தீர்மானியுங்கள்

பலர் முதல் வேலையாக ஐபி முகவரி வாரியாக எண்ணிப் பார்க்கிறார்கள். அதில் தென்படுவது, ஓட்டைகளைத் தேடித் துழாவும் கருவியான ஸ்கேனர்தான்: ஒரே முகவரி சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான வெவ்வேறு பாதைகளைக் கேட்டிருக்கும். புழு அப்படி நடந்துகொள்வதில்லை. ஒவ்வொரு முகவரியும் பெரும்பாலும் ஓரிரு வரிகளோடு போய்விடும். ஆனால் அதே வரி, எழுத்து பிசகாமல், நாள் முழுவதும் வெவ்வேறு முகவரிகளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். எனவே கோரிக்கையை அடிப்படையாக வைத்துத் தொகுத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எத்தனை தனித்தனி ஐபி முகவரிகள் உள்ளன என்று எண்ணுங்கள். அவ்க் கட்டளையால் முகவரியையும் பாதையையும் மட்டும் பிரித்தெடுத்து, சார்ட் கட்டளையில் தனிப்படுத்தும் விருப்பத்தைக் கொடுத்து, பிறகு பாதை வாரியாக யூனிக் கட்டளையால் எண்ணினால் போதும். பட்டியலின் உச்சியில் முகப்புப் பக்கமும் தேடுபொறிகள் கேட்கும் ரோபாட்ஸ் கோப்பும் இருக்கும். அவற்றுக்குக் கீழே, உங்கள் தளத்தில் இல்லாத ஒரு பாதையைப் பல முகவரிகள் கேட்டிருந்தால் அதுவே நீங்கள் தேடும் தடம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. புழு பெரும்பாலும் எண்களைத்தான் துழாவுகிறது, பெயர்களை அல்ல. ஆகவே அதன் கோரிக்கையில் தளத்தின் பெயர் இருக்காது. வெறும் ஐபி முகவரி இருக்கும், அல்லது எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் தலைப்பே இருக்காது. ஒரே சர்வரில் பல தளங்கள் இருந்தால், இவ்வரிகள் முதன்மைத் தளத்தின் லாக் கோப்பில் விழாமல், பெயர் பொருந்தாத கோரிக்கைகள் போய்ச் சேரும், யாரும் எட்டிப் பார்க்காத இயல்புநிலைத் தளத்தின் லாக் கோப்பில் குவிந்து கிடக்கும். முதலில் அந்தக் கோப்பைத் திறவுங்கள். இதற்கு மாறாக நடந்துகொண்ட புழுவும் இருந்திருக்கிறது: 2004 டிசம்பரில் பரவிய சாண்டி, பிஎச்பிபிபி என்ற விவாதமன்ற நிரல் நிறுவப்பட்ட தளங்களைக் கூகுளில் தேடிக் கண்டுபிடித்து, பெயரைச் சொல்லியே வந்தது. தேடல்களைக் கூகுள் தடுத்த பிறகே அதன் வேகம் தணிந்தது.

அறிகுறி: ஒரே எழுத்து நூற்றுக்கணக்கில் நீளும் வரி

இந்த வகைக்கு மூதாதை 2001 ஜூலையில் வந்த கோட் ரெட். மைக்ரோசாஃப்ட் ஐஐஎஸ் சர்வரின் தேடல் அட்டவணைப் பகுதியில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. டிஃபால்ட்.ஐடிஏ என்ற கோப்பைக் கேட்டு, கேள்விக்குறிக்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட 'என்' எழுத்துகளை வரிசையாக அனுப்பி, அவற்றின் இறுதியில் விழுக்காட்டுக் குறியும் 'யு' எழுத்தும் சேர்ந்த எண் தொடர்களை வைத்தது. அந்த 'என்' எழுத்துகளுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தை நிரப்பி வழியவிடும் வெறும் நிரப்புப் பொருள் அவை. இறுதியில் வரும் எண்களே இயந்திரக் கட்டளைகள். 2001 ஜூலை 19 அன்று ஏறத்தாழ 14 மணி நேரத்தில் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகள் தொற்றுக்கு உள்ளாயின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஒரு மாதத்துக்கு முன்பே வெளியாகியிருந்தது.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி வந்த கோட் ரெட் 2, 'என்' எழுத்துக்குப் பதிலாக 'எக்ஸ்' எழுத்தை இட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு புழு. அது தேர்ந்தெடுத்த முகவரிகளில் பாதி, தொற்றிய கணினியின் ஐபி முகவரியில் முதல் எண்ணை அப்படியே கொண்டவை. எட்டில் மூன்று பங்கு, முதல் இரண்டு எண்களையும் கொண்டவை. எஞ்சிய எட்டில் ஒரு பங்கு மட்டுமே எங்கோ உள்ளவை. இந்தப் பழக்கம் இன்றும் பயன்படும் ஒரு சோதனையைத் தருகிறது: உங்களைத் தட்டும் முகவரிகளில் பெரும்பகுதி உங்கள் முகவரியின் முதல் எண்ணையோ முதல் இரண்டு எண்களையோ கொண்டிருந்தால், அக்கம்பக்கத்தை முன்னுரிமையாகத் தேடும் புழு உங்கள் வலைப்பின்னலுக்கு அருகிலேயே, ஒருவேளை அதற்குள்ளேயே, குடியேறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாச்சி சர்வரில் இத்தகைய வரிக்கு 404 என்ற எண் இருந்தால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஐஐஎஸ்ஸுக்கான தாக்குதல் அப்பாச்சியின் வாசலில் வந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: சில நொடிகளில் ஒரே முகவரியிலிருந்து புள்ளியும் விழுக்காட்டுக் குறியும் நிறைந்த தொடர் வரிகள்

2001 செப்டம்பர் 18 அன்று பரவத் தொடங்கிய நிம்டாவின் தடம் இப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு தொற்றிய கணினியும் பதினாறு கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பும். முதல் சில வரிகள், கோட் ரெட் 2 விட்டுச்சென்ற ரூட்.இஎக்ஸ்இ என்ற பின்வாசல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவை. ஒரு புழு திறந்துவைத்த வாசலில் இன்னொன்று நுழைந்தது. எஞ்சியவை சிஎம்டி.இஎக்ஸ்இ என்ற கட்டளை நிரலை வெவ்வேறு குறுக்கு வழிகளில் எட்டிப் பிடிக்க முயல்பவை.

அந்தக் குறுக்கு வழிகளில் ஒன்றை மட்டும் உற்றுப் பார்க்கலாம். வலை முகவரியில் பின்சாய்கோட்டை %5சி என்று எழுதலாம். அதைச் சர்வர் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். ஆனால் விழுக்காட்டுக் குறியையே %25 என்றும் எழுத முடியும். ஆகவே %255சி என்று அனுப்பினால், சர்வர் ஒருமுறை பிரித்துப் படிக்கும்போது %5சி கிடைக்கிறது. பாதுகாப்புச் சோதனை அந்த நிலையில் முடிந்துவிடுகிறது. பிறகு சர்வர் அதை இன்னொரு முறை பிரித்துப் படிக்கும்போது பின்சாய்கோடு வெளிப்பட்டு, இரண்டு புள்ளிகளோடு சேர்ந்து மேல் கோப்புறைக்கு ஏறும் வழியாகிவிடுகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகு வேடத்தைக் கலைப்பது போன்ற இந்த உத்தி பழையதே தவிர, காலாவதியானது அல்ல. சாண்டி அனுப்பிய %2527 என்பதும் ஒற்றை மேற்கோள் குறிக்கு இதே முறையில் போட்ட வேடமே. 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49 பதிப்பில் வெளிப்பட்ட ஓட்டையில் புள்ளியை %2இ என்று எழுதினாலே போதுமாக இருந்தது. அதைச் சரிசெய்ய வெளியான 2.4.50 பதிப்பை, %%32%65 என்று இரட்டை வேடம் போட்டு மீண்டும் ஏமாற்ற முடிந்ததால், 2.4.51 வெளியிட வேண்டியிருந்தது. சிஜிஐ-பின் என்று தொடங்கி இவ்வாறான புள்ளிகள் வழியாக, கட்டளைகளை இயக்கும் எஸ்எச் நிரலில் போய் முடியும் வரிகளை இன்றைக்கும் காணலாம். உங்கள் அப்பாச்சி பதிப்பு 2.4.49 அல்லது 2.4.50 ஆக இருந்தால், நிலை எண் என்னவாக இருந்தாலும் முதலில் பதிப்பை உயர்த்துங்கள்.

இந்த வகை வரிகளில் வெற்றியைக் காட்டிக்கொடுப்பது அடுத்த வரி. நிம்டா முதலில் கோப்புப் பட்டியலைக் கேட்கும் சாதாரணக் கட்டளை ஒன்றைத்தான் அனுப்பும். அதற்குச் சாதகமான மறுமொழி கிடைத்தால் மட்டுமே, டிஎஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக அட்மின்.டிஎல்எல் கோப்பை இறக்கச் சொல்லும் வரி வரும். அதாவது, முன்னோட்டக் கேள்விகள் மட்டும் இருந்தால் புழு ஏமாந்து போயிருக்கிறது. அதே முகவரியிலிருந்து இறக்கச் சொல்லும் வரியும் தொடர்ந்தால் அதற்கு ஏதோ ஒரு பதில் பிடித்துப்போயிருக்கிறது.

அறிகுறி: கோரிக்கைக்குள்ளேயே டபிள்யூகெட், சிஎச்மாட், டிஎம்பி போன்ற சொற்கள்

இன்று ஒரு சர்வரில் மிக எளிதாகக் கண்ணில் படும் புழுத் தடம் இதுதான். டிஎம்பி கோப்புறைக்குப் போ, அங்குள்ளதை அழி, இந்த முகவரியிலிருந்து கோப்பை இறக்கு, அதற்கு 777 உரிமை கொடு, ஓட்டு என்று ஒரு முழுக் கட்டளைத் தொடரையே கோரிக்கை வரியில் அரைப்புள்ளிகளால் கோத்து அனுப்பும். ரூட்டர், கேமரா போன்ற கருவிகளில் தொற்றும் மிராய் புழுவின் வழிவந்தவையும், 2019 முதல் அறியப்பட்ட மோசியும் இப்படித்தான் பரவின. ஷெல் என்ற பாதையைக் கேட்பவை கண்காணிப்புக் கேமராக்களின் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டிகளைக் குறிவைத்தவை, செட்அப்.சிஜிஐ என்ற பாதையையும் நெட்கியர் என்ற சொல்லையும் கொண்டவை அந்த நிறுவனத்தின் பழைய ரூட்டர்களுக்கானவை. ஜிபான்ஃபார்ம் என்று தொடங்குபவை ஃபைபர் இணைப்புப் பெட்டிகளுக்கானவை. யூசர் ஏஜென்ட் இடத்தில் 'ஹலோ, வேர்ல்ட்' என்று எழுதியிருப்பதும் இக்கூட்டத்தின் பழக்கம்.

இவ்வரிகளில் கோப்பை இறக்கச் சொல்லும் முகவரி சில நேரங்களில் 192.168.1.1 என்றே இருக்கும். அது உள் வலைப்பின்னலுக்கு மட்டுமே உரிய முகவரி. வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாது. தொற்றிய ரூட்டர் தன் வீட்டு முகவரியையே உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர, அவ்வரியால் உங்களுக்குத் தீங்கு இல்லை.

உங்கள் சர்வர் ரூட்டரும் அல்ல, டிவிஆரும் அல்ல. ஆகவே இவை அதைத் தொடுவதில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் அவை இருக்கின்றன என்பதை மறந்துவிட வேண்டாம். வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்றில் இப்படித் தட்டிய முகவரிகளை ஒருமுறை தொகுத்துக்கொண்டிருந்தபோது, பட்டியலின் நடுவில் எனக்கு மனப்பாடமான ஒரு முகவரி இருந்தது. நான் உட்கார்ந்திருந்த அலுவலகத்தின் இணைய இணைப்பு முகவரியே அது. கைபேசியில் கேமராவைப் பார்ப்பதற்கென்று ரூட்டரில் யாரோ வெளியே திறந்துவிட்டிருந்த டிவிஆர் பெட்டிதான் காரணம். அதை நிறுத்தி இயக்கியதும் தடங்கள் நின்றன. மதியச் சாப்பாடு முடிந்து வருவதற்குள் மீண்டும் தொடங்கிவிட்டன. இவ்வகைப் புழுக்களில் பல நினைவகத்தில் மட்டுமே வாழ்வதால் மின்சாரத்தை நிறுத்தினால் அழிந்துவிடும். ஓட்டை அடைபடாததால் அடுத்த தட்டலில் திரும்ப வந்துவிடும். ரூட்டரில் அந்தத் திறப்பை மூடி, கடவுச்சொல்லை மாற்றி, புதிய ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகே தீர்ந்தது. ஆகவே, தட்டும் முகவரிகளின் பட்டியலில் உங்கள் சொந்த முகவரியை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அறிகுறி: புழுவின் வரிக்கு 200 என்ற மறுமொழி

பலரும் பதறும் இடம் இது. பதறுவதற்கு முன் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். முகப்புப் பக்கம் சாதாரண எச்டிஎம்எல் கோப்பாக இருந்தால், கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன எழுதினாலும் சர்வர் அதைப் பொருட்படுத்தாமல் அதே பக்கத்தைக் கொடுத்து 200 என்று எழுதிவிடும். புதிதாக நிறுவிய என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் 612 பைட்டுகள், புதிய பதிப்புகளில் 615. அந்த எண் கண்ணில் பட்டால் புழுவுக்குக் கிடைத்தது வரவேற்பு வாசகம் மட்டுமே.

நிரல் வழி இயங்கும் தளங்களில் இன்னும் கவனம் வேண்டும். திங்க்பிஎச்பி என்ற சட்டகத்தில் 2018 டிசம்பரில் வெளிப்பட்ட ஓட்டையைத் தேடும் வரிகள், இண்டெக்ஸ்.பிஎச்பி கோப்பை அழைத்து 'எஸ்' என்ற அளவுருவில் தாக்குதலை வைத்து அனுப்புகின்றன. வேர்ட்பிரஸ் தளத்தில் 'எஸ்' என்பது தேடல் சொல்லுக்கான அளவுரு. ஆகவே வேர்ட்பிரஸ் அந்தத் தாக்குதல் சரத்தை ஒரு தேடலாக எடுத்துக்கொண்டு, எதுவும் கிடைக்கவில்லை என்ற பக்கத்தைப் பல ஆயிரம் பைட்டுகளில் கட்டித் தந்து, 200 என்று எழுதி முடிக்கும். இதைச் சோதிக்க, பொருளற்ற ஒரு சொல்லை அதே அளவுருவில் வைத்து, சுருக்கம் கேட்காமல் கர்ல் கட்டளையால் நீங்களே அழைத்துப் பாருங்கள். இரண்டு வரிகளின் பைட் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தேடிய சொல்லைப் பக்கத்திலேயே திரும்ப எழுதும் தளங்களில், அச்சொல்லின் நீளத்துக்கேற்பச் சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. முற்றிலும் வேறான எண் வந்தால் மட்டுமே மேலே தோண்டுங்கள்.

நிலை எண்ணை நம்பக் கூடாத இடங்கள்

முன்பு குறிப்பிட்ட விலக்கு இங்கே வருகிறது. யூசர் ஏஜென்ட் அல்லது ரெஃபரர் இடத்தில் டாலர் குறி, நெளிவு அடைப்பு, ஜேஎன்டிஐ என்று தொடங்கும் சரத்தைக் கண்டால், அது 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் தாக்குதல். இதில் லாக் எழுதும் செயலே ஓட்டை. பின்னால் ஓடும் ஜாவா நிரல், பழைய லாக்4ஜே நூலகத்தைக் கொண்டு இச்சரத்தைப் பதிவுசெய்யும் கணத்திலேயே வெளியே தொடர்புகொள்ள முயலும். கேட்ட பக்கம் இல்லை என்று 404 சொன்னாலும், அந்த 404-ஐப் பதிவுசெய்யும்போதே காரியம் முடிந்துவிடலாம். எனவே இந்த வரிக்கு நிலை எண்ணைப் பார்த்து அமைதியடையக் கூடாது. அந்தக் கோரிக்கை எந்த ஜாவா நிரல் வரை சென்றது என்றும், அதே நொடியில் அந்தக் கணினியிலிருந்து எல்டாப் (அடைவுச் சேவைக்கான நெறிமுறை) இணைப்பு வெளியே சென்றதா என்றும் தீச்சுவரின் (ஃபயர்வால்) பதிவுகளில் பார்க்க வேண்டும்.

2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் இதற்கு நேர்மாறு. வெற்று அடைப்புக்குறி, நெளிவு அடைப்பு, முக்காற்புள்ளி என்று தலைப்பில் வரும் அந்தச் சரம், கோரிக்கைக்கு மறுமொழி தயாரிக்க சர்வர் அழைக்கும் சிஜிஐ நிரல், கட்டளைகளை இயக்கும் பாஷ் வழியாக ஓடினால்தான் வேலை செய்யும். 404 என்றால் எந்த நிரலும் ஓடவில்லை; நிம்மதி. 500 என்றால் நிரல் ஓடத் தொடங்கி, ஒழுங்கான தலைப்பு இல்லாத ஏதோ ஒன்றை வெளியிட்டிருக்கிறது என்று பொருள். புழுவின் கட்டளை ஓடினாலும் இதே எண்ணே வரக்கூடும். சாதாரணமாகப் பிழை என்று தள்ளிவிடும் 500, இந்த வரியில் 200-ஐப் போலவே சந்தேகத்துக்குரியது.

அறிகுறி: படிக்க முடியாத எழுத்துகள், 400 என்ற மறுமொழி

\எக்ஸ்16\எக்ஸ்03\எக்ஸ்01 என்று தொடங்கினால், மறையாக்கம் இல்லாத போர்ட்டில் யாரோ மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ் பேச முயன்றிருக்கிறார். \எக்ஸ்03 என்று தொடங்கி எம்எஸ்டிஎஸ்ஹேஷ் என்ற சொல்லைக் கொண்டிருந்தால், விண்டோஸ் தொலைத்திரையைத் தேடி வந்தவர் வழி தவறியிருக்கிறார். இரண்டையும் கடந்து செல்லலாம்.

அறிகுறி: அணுகல் லாக் கோப்பில் எதுவும் இல்லை, ஆனால் சர்வர் திணறுகிறது

அணுகல் லாக் வரி, கோரிக்கை முடிந்த பிறகே எழுதப்படுகிறது. போஸ்ட் முறையில் வந்த உள்ளடக்கம் அதில் இடம்பெறுவதே இல்லை. கோரிக்கை உருவாகும் முன்பே தாக்கும் புழுவுக்கு வரியே இருக்காது. 2002 செப்டம்பரில் பரவிய ஸ்லாப்பர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அது 80-ஆம் போர்ட்டில் ஹோஸ்ட் தலைப்பில்லாத கோரிக்கை ஒன்றை வேண்டுமென்றே தவறாக அனுப்பி, கிடைக்கும் 400 மறுமொழியின் சர்வர் தலைப்பிலிருந்து அப்பாச்சி பதிப்பைத் தெரிந்துகொண்டு, பிறகு 443-ஆம் போர்ட்டில் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் நடத்தும் இணைப்பின் தொடக்கக் கைகுலுக்கலின்போதே நுழைந்துவிடும். அணுகல் லாக் கோப்பில் இருப்பது அந்த ஒற்றை 400 மட்டும். பிழை லாக் கோப்பில்தான் கைகுலுக்கல் தோல்விகளும், துணைச் செயல்முறைகள் நினைவகப் பிழையால் விழுந்த செய்திகளும் இருக்கும். ஆகவே இரு கோப்புகளையும் நேரத்தால் இணைத்துப் படியுங்கள்.

பிறகு, வெளியே செல்லும் பக்கத்தைப் பாருங்கள். இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில், ஒரே போர்ட்டை நோக்கி நூற்றுக்கணக்கான வெவ்வேறு முகவரிகளுக்குப் பாதியில் நிற்கும் இணைப்புகள் தெரிந்தால், இப்போது தட்டிக்கொண்டிருப்பது உங்கள் சர்வரே. வலை சர்வரின் பயனர் பெயரில் ஓடும் அறிமுகமில்லாத செயல்முறையைக் கண்டறிந்து, ப்ராக் கோப்புறையில் அதன் இஎக்ஸ்இ இணைப்பு எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். ஓடத் தொடங்கியதும் தன் கோப்பைத் தானே அழித்துக்கொள்ளும் புழுக்களுக்கு அங்கே 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு இருக்கும். அந்த இணைப்பின் வழியே நிரலின் நகலை இன்னும் எடுக்க முடியும். கணினியை நிறுத்தி இயக்கினால் முடியாது. எனவே முதலில் வலைப்பின்னலிலிருந்து துண்டியுங்கள், நகல்களையும் லாக் கோப்புகளையும் வேறிடத்தில் சேமியுங்கள், அதன் பிறகு சுத்தமான காப்புநகலிலிருந்து சர்வரை மீண்டும் கட்டுங்கள். கண்ட கோப்பை மட்டும் அழித்துவிட்டு அதே சர்வரைத் தொடர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தட்டும் முகவரிகளை என்ன செய்வது

ஒவ்வொன்றாகத் தடுப்பதால் பெரிய பயன் இல்லை. நாளை வேறு முகவரிகள் வரும். பெயரில்லாமல் வரும் கோரிக்கைகளை இயல்புநிலைத் தளத்திலேயே நிறுத்தி, என்ஜின்எக்ஸில் 444 என்று கொடுத்து மறுமொழியின்றி இணைப்பைத் துண்டிப்பது எளிது. தொற்றிய கணினிக்குள் நாமே நுழைந்து சரிசெய்துவிடலாம் என்ற ஆசை சிலருக்கு வரும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழுவை அகற்றி பேட்சும் இடுவதற்கென்று பரவிய வெல்சியா, தன் தேடல் நெரிசலாலேயே பல வலைப்பின்னல்களை முடக்கியது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

முகவரிக்கு உரிய இணைய நிறுவனத்துக்குப் புகார் அனுப்புவதென்றால், ஐபி முகவரி யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் தகவலில் உள்ள, முறைகேட்டுப் புகாருக்கான மின்னஞ்சல் முகவரிக்கு, மாற்றம் செய்யாத நான்கைந்து லாக் வரிகளோடு எழுதுங்கள். அவ்வரிகளில் +0530 போன்ற நேர வேறுபாட்டுக் குறி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே ஐபி முகவரி ஒரு நாளில் பல வாடிக்கையாளர்களிடம் கைமாறுகிறது. குறி இல்லாத நேரத்தை வைத்துத் தேடினால், ஐந்தரை மணி நேரம் தள்ளி அந்த முகவரியைப் பயன்படுத்திய வேறொருவரின் வீட்டுக்குத்தான் எச்சரிக்கை போய்ச் சேரும்.